என் கைக்குத் தெரியாத சூடு

இதைப் படித்துக்கொண்டே உங்கள் கையை எடுத்து உங்கள் நெற்றியில் வைத்துப் பாருங்கள். ஏதாவது தெரிகிறதா? தெரியாது. உடம்பு நூற்றிரண்டு டிகிரி கொதித்துக்கொண்டிருந்தாலும் பெரும்பாலும் தெரியாது. நெற்றி கொதிக்கும்போது கையும் கூடவே கொதிக்கிறது. திருடனைப் பிடிக்க அவன் தம்பியையே அனுப்பின கதை. இந்தச் சின்ன விஷயத்தைத் தெரிந்துகொள்ள நான் பெரியாஸ்பத்திரியில் ஒன்பது நாள் படுத்துக் கிடந்தேன். நீங்கள் படுக்காமலே தெரிந்துகொள்ளுங்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் தியாகராஜன். திருவொற்றியூரில் ஒரு தெருவில் நின்று இந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். வயது நாற்பத்தொன்பது. காலடிப்பேட்டையில் ஒரு மாடி போர்ஷன், அதில் ஆள் ஒன்று. கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் எனக்குப் பெண் பார்த்து முடிப்பதற்குள் என் தலைமுடி முடிந்துவிட்டது. அப்பா, அம்மா இல்லை. ஒரே அண்ணன் ஓசூரில். முழங்கால் ஆபரேஷன் ஆகி இப்போது வாக்கரைத் தள்ளிக்கொண்டு நடக்கிறார்.

எண்ணூர் போகும் வழியில் ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு வேலை. ரீஃபர் என்று சொல்வோம், குளிர்சாதனம் வைத்த கன்டெய்னர். இறாலும் மருந்தும் ஐஸ்கிரீமும் கப்பலேறும்வரை அதற்குள் காத்திருக்கும். நானும் பாஷாவும் அந்தப் பெட்டிகளுக்கு நடுவே நடந்து, ஒவ்வொன்றின் டிகிரியையும் பார்த்து எழுதுவோம். பாஷா தண்டையார்பேட்டைக்காரன், என்னைவிட ஒன்பது வயது சின்னவன், ஒன்பது மடங்கு புத்திசாலி. சுருக்கமாகச் சொன்னால், நாள் முழுக்கக் காய்ச்சல் பார்க்கிற உத்தியோகம். அப்படிப்பட்ட ஆளுக்குத்தான் தன் காய்ச்சல் தெரியவில்லை.

நான் செய்த தப்பு உங்களுக்குப் புரிய வேண்டுமென்றால் எங்கள் தொழிலில் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ஒன்று, செட் பாயின்ட். பெட்டி எத்தனை டிகிரியில் இருக்க வேண்டும் என்று நாம் வைக்கும் அளவு. இறால் பெட்டிக்கு மைனஸ் பதினெட்டு என்று வைத்தால், இரண்டு டிகிரி இப்படி அப்படிப் போனாலும் நாங்கள் தலையைத் தூக்கிப் பார்க்க மாட்டோம். இரண்டாவது, டிஃப்ராஸ்ட். சில மணி நேரத்துக்கு ஒருமுறை, உள்ளே குழாயில் படிந்த ஐஸை உருக்குவதற்காக மெஷின் தானே சூடாகும். டிகிரி ஏறும், அடியில் தண்ணீர் சொட்டும், பிறகு தானே இறங்கிவிடும். வேலைக்குப் புதிதாக வந்தவன்தான் அதைப் பார்த்துப் பதறுவான். பழைய ஆள் டீ குடிக்கப் போவான். நான் இருபத்திரண்டு வருடப் பழைய ஆள்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் உடம்பு ஒரு மாதிரி இருந்தது. வலது தோள்பட்டையில் குடைச்சல் வேறு. ரீஃபரின் கரன்ட் கேபிள் மலைப்பாம்பு கனம் இருக்கும், அதை இழுத்ததால்தான் என்று விட்டுவிட்டேன். வீட்டில் கொரோனா காலத்தில் வாங்கிய டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று கிடந்தது. எல்லார் வீட்டிலும் அது பாரன்ஹீட்டில் காட்டும். நான்தான் பெரிய டெக்னீஷியன் ஆயிற்றே, வாங்கிய அன்றே பட்டனை அழுத்தி யார்டில் பழகின செல்சியஸுக்கு மாற்றி வைத்திருந்தேன். அக்குளில் வைத்தேன். முப்பத்தெட்டு புள்ளி மூன்று.

மனித உடம்பின் செட் பாயின்ட் முப்பத்தேழு என்பது எனக்குத் தெரியும். வித்தியாசம் ஒன்று புள்ளி மூன்று. இதற்கெல்லாம் எவனாவது அலாரம் அடிப்பானா? தெர்மாமீட்டரைத் துடைத்து வைத்துவிட்டுத் தோசை ஊற்றினேன்.

மறுநாள் காலையில் முப்பத்தாறு புள்ளி எட்டு. பார்த்தாயா, தானே இறங்கிவிட்டது! சாயங்காலம் மறுபடி ஏறியது. மெடிக்கலில் ஒரு பாராசிட்டமால் வாங்கிப் போட்டேன். ஒரு மணி நேரத்தில் வேர்த்துக் கொட்டிப் பனியன் நனைந்து சூடு இறங்கியது. ஏறுகிறது, தண்ணீர் சொட்டுகிறது, இறங்குகிறது. இது என்ன? டிஃப்ராஸ்ட். சிரிக்காதீர்கள். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். பக்கத்தில் ஒரு மனுஷி இருந்து "அறிவு இருக்கா?" என்று கேட்டிருந்தால் அந்த நினைப்பு ஒரு நிமிஷம் நின்றிருக்காது. தனியாக இருப்பவனுக்கு வரும் யோசனைகளுக்குக் குறுக்குக் கேள்வி கேட்க ஆள் கிடையாது. அவை ஒவ்வொன்றும் ஏகமனதாக நிறைவேறிவிடும்.

நாலாம் நாள் யார்டில், மத்தியான வெயிலில், எனக்குக் குளிரெடுத்தது. பல் தந்தியடிக்கிறது. குளிர்ப்பெட்டிக்குள் போகும்போது போடுகிற பஞ்சு ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன். ஊரே சட்டையைக் கழற்றி விசிறிக்கொண்டிருக்கிற நேரம்.

"இன்னா மாமு, காஷ்மீர்ல டூட்டி போட்டுட்டாங்களா உனக்கு?" என்றான் பாஷா.

"ஷோக்கா கீதா?"

"கரடி மாதிரி கீது. வூட்டுக்குப் போய்ப் படு."

வீட்டுக்குப் போய் என்ன செய்ய? சுவரைப் பார்க்க வேண்டும். அதற்கு இறால் பெட்டிகளே மேல். போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை செலின் அக்காவிடம் மீன் வாங்கப் போனேன். காலடிப்பேட்டை மார்க்கெட் முனையில் கடை. கடை என்றால் ஒரு பலகை, ஒரு அரிவாள்மணை, ஒரு ஐஸ் பெட்டி. அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயதிருக்கும். விடியற்காலையில் காசிமேட்டில் மீன் எடுத்ததிலிருந்து பகல் வரை அவள் கை ஐஸுக்குள்ளேயே இருக்கும். பையை வாங்கும்போது அவள் விரல் என் மணிக்கட்டில் பட்டது. பட்டதும் அப்படியே பிடித்துக்கொண்டாள்.

"இன்னா நைனா, ஒடம்பு இப்டி கொதிக்குது?"

நான் சிரித்தேன். "அக்கா, உன் கை ஐஸ்ல கீது. உனக்கு யாரத் தொட்டாலும் ஜொரமாத்தான் இருக்கும்."

"காலைலேர்ந்து எத்தினி பேரு கையத் தொட்டுகினு கீறேன். எல்லாம் ஒரே சூடு. உன்து வேற."

"அப்போ என்னைய ஒரு கிலோவா வெட்டி உள்ள வெச்சிக்கோ."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. நான் பையை ஆட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு ஜோக் நன்றாக எடுபட்டுவிட்டால் எனக்கு வேறு எதுவும் காதில் விழாது. சின்ன வயதிலிருந்தே உள்ள வியாதி, இதற்கு ஆஸ்பத்திரி கிடையாது.

பிற்பாடு படுக்கையில் கிடந்தபோது கணக்குப் பார்த்தேன். யார்டில் எல்லாரும் கையுறை. மெடிக்கலில் கண்ணாடித் தடுப்பு. பஸ்ஸில் கம்பி. அந்தப் பத்து நாளில் என் தோலைத் தொட்ட ஒரே மனிதக் கை, அந்த மீன் கைதான்.

புதன்கிழமை கேபிளைத் தூக்கக் குனிந்தவன் நிமிரவில்லை. வலது விலாவுக்குக் கீழே யாரோ கடப்பாரையை வைத்து நெம்பியது போல ஒரு வலி. பாஷா என்னைப் பைக்கில் பின்னால் உட்கார வைத்து, தன் இடுப்பைச் சேர்த்துப் பிடிக்கச் சொன்னான். எர்ணாவூர் தாண்டுவதற்குள் திரும்பிக் கத்தினான்.

"மாமு, உன் மூச்சு முதுகுல படுது. சைலன்சரு மாதிரி கீது! எத்தினி நாளா இப்டி?"

"டிஃப்ராஸ்ட்டுடா" என்றேன். நான் பிதற்றுகிறேன் என்று நினைத்து வண்டியை இன்னும் வேகமாக விட்டான்.

அவசரப் பிரிவில் தெர்மாமீட்டரை வாயில் வைத்தார்கள். நூற்று மூன்று. ஒரு இளம் டாக்டரம்மா, என் அண்ணன் மகள் வயதுதான் இருக்கும், வயிற்றில் கை வைத்து வலது விலாவுக்கு அடியில் லேசாக அழுத்தினார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து ஸ்ட்ரெச்சரில் மயங்கிக் கிடந்தவர் கண் விழித்தார். அவருக்கு அன்று நான் செய்த உதவி அது.

"தண்ணி எங்க குடிப்பீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"தண்ணியே தொட மாட்டேன் டாக்டர்" என்றேன், பெருமையாக.

"அந்தத் தண்ணி இல்லைங்க. தாகத்துக்குக் குடிக்கிற தண்ணி."

அதைக் கண்ட இடத்திலும் குடிப்பேன். வண்டியில் விற்கும் ஐஸ் போட்ட சர்பத், டிரம் தண்ணீர், எதையும் விட்டதில்லை. டாக்டர் குறித்துக்கொண்டார். ஸ்கேன் அறையில் குளிர்ந்த பசையைத் தடவி வயிற்றில் ஒரு கருவியை உருட்டினார்கள். விஷயம் இதுதான்: கல்லீரலுக்குள் சீழ்க்கட்டி. சாத்துக்குடி அளவு. அசுத்தமான தண்ணீரில் வரும் அமீபா என்ற கிருமி குடலுக்குள் போய், அங்கிருந்து கல்லீரலுக்கு ஏறிக் குடும்பம் நடத்துமாம். எனக்குள்ளேயும் ஒரு குடும்பம். தோள்பட்டை வலிகூட அதன் வேலைதானாம். கல்லீரலுக்கு மேலே இருக்கிற நரம்பு தோள் வரைக்கும் செய்தி அனுப்பும். நான் பாவம் கேபிளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

"காய்ச்சல் பார்த்தீங்களா வீட்டுல?"

பார்த்ததைச் சொன்னேன். முப்பத்தேழு, இரண்டு டிகிரி சலுகை, டிஃப்ராஸ்ட். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அதற்குள் பாஷா முந்திக்கொண்டான்.

"மாமு, நீ இன்னா இறாலா? மருந்துப் பொட்டில ஒரு டிகிரி ஏறினா யார்டையே எழுப்புவியே! உன்னைய நீ இன்னா பொட்டினு நென்ச்சிகினு இருந்த?"

டாக்டருக்கு இது பிடித்துப்போயிற்று. எங்கள் பாஷையிலேயே எனக்குப் பாடம் எடுத்தார். நானும் அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன். மனித உடம்பில் முப்பத்தேழு, அதாவது தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு என்பது ஆணி அடித்து மாட்டின எண் இல்லை. ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். விடியற்காலையில் குறைவாக இருக்கும், சாயங்காலம் அரை டிகிரி கூடும். அதெல்லாம் சரிதான். ஆனால் முப்பத்தெட்டைத் தொட்டுவிட்டால், பாரன்ஹீட்டில் நூறு புள்ளி நாலு, அது காய்ச்சல். அதிலும் அக்குளில் வைத்தால் வாயில் காட்டுவதைவிடக் குறைத்தே காட்டும். ஆக நான் அக்குளில் பார்த்த முப்பத்தெட்டு புள்ளி மூன்று, நான் நினைத்ததைவிட அதிகம். சூடாக டீ குடித்த கையோடு வாயில் வைத்துப் பார்த்தாலும் பொய் சொல்லும். கால் மணி நேரம் பொறுக்க வேண்டும். மாத்திரை சூட்டைத்தான் இறக்கும், சூட்டுக்கான காரணத்தை இறக்காது. சில நாளில் விடாத காய்ச்சலை வீட்டில் வைத்துக் கொஞ்சக் கூடாது.

"அப்போ வெயில்ல ஏன் டாக்டர் குளுந்துச்சு?"

"கிருமி உள்ள வந்ததும் மூளை உங்க செட் பாயின்டையே ஏத்தி வெச்சிடுது. நாற்பதுனு வெச்சா, முப்பத்தெட்டுல இருக்கிற உடம்புக்கு அது குளிர்தானே? நடுங்கி நடுங்கிச் சூட்டை ஏத்திக்கும். மறுபடி பழைய இடத்துக்கு இறக்கினா வேர்த்துக் கொட்டும். உங்க டிஃப்ராஸ்ட் அதுதான்."

செட் பாயின்டை எவனோ மாற்றியிருக்கிறான், நான் அதைக் கவனிக்காமல் ரீடிங்கை மட்டும் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். யார்டில் இதற்கு மெமோ கொடுப்பார்கள்.

கட்டி பெரிதாக இருந்ததால் மருந்து மட்டும் போதாது, மறுநாள் பதினொரு மணிக்குக் குழாய் போட்டுச் சீழை எடுக்க வேண்டும் என்றார்கள். விட்டால் உள்ளே உடைந்துவிடலாம். உடைந்தால் உயிருக்கு ஆபத்து. இதைச் சொன்ன பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

"அட்டெண்டர் யாரு?"

பாஷா தலையைச் சொறிந்தான். நான் இல்லாததால் இரண்டு பேர் வேலையும் அவன் தலையில். சாயங்காலம் வருகிறேன் என்றான், பகலில் முடியாது. வார்டு சிஸ்டர் நல்ல மாதிரி. கோபப்படாமல் சொன்னார்: "நீங்களே கையெழுத்துப் போடலாம் சார். ஆனா கூட ஒருத்தர் வேணும். மருந்து வாங்கிட்டு வர, குழாய் போட்ட பிறகு பக்கத்துல இருக்க. யாருமே இல்லைன்னா எப்படி?"

"இருக்காங்க, வருவாங்க" என்றேன். பொய் சொன்னால் வாய் கசக்கும் என்பார்கள். எனக்கு ஏற்கெனவே மருந்தால் கசந்துகொண்டிருந்தது. துருப்பிடித்த கன்டெய்னரை நக்கினால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் அந்த மருந்தை ஏற்றிக்கொள்ளலாம்.

போனைத் திறந்து பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். கேஸ் குமார். கேபிள் குமார். பிளம்பர் குமார். மூன்று குமார்கள், மூன்று பேருக்கும் என் பெயர் தெரியாது. அவர்கள் போனில் நான் 'காலடிப்பேட்டை மாடி'. அண்ணன் பெயர் வந்தது. அவர் குரல் கேட்டால் அழுதுவிடுவேன் என்று தோன்றியது. அவர் வாக்கரோடு பஸ் ஏறிவிடுவார் என்றும் தோன்றியது. தள்ளிவிட்டேன். இருநூற்றுச் சொச்சம் பெயர்கள். எல்லாரும் ஏதாவது ரிப்பேர் செய்கிறவர்கள்.

பக்கத்துக் கட்டிலில் கொருக்குப்பேட்டை பெயின்டர் ஒருவர், டைபாய்டு. அவருக்கு மனைவி, இரண்டு தங்கைகள், மாமியார். வருகிறவர் எல்லாரும் முதலில் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள், பிறகு கழுத்தை, பிறகு மறுபடி நெற்றியை. மனுஷனுக்கு நெற்றி தேய்ந்துவிடும் போலிருந்தது. "வுடுங்களேன், நான் இன்னா மாட்டுப்பொங்கல் மாடா?" என்று அவர் சலித்துக்கொள்வார். நான் போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டு, சும்மா, என் கையை என் நெற்றியில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்தக் கட்டுரையின் முதல் பத்தி அந்தப் போர்வைக்குள் எழுதியது.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குப் போன் முனகியது. செலின் அக்காவின் வாய்ஸ் மெசேஜ். தினமும் வாடிக்கைக்காரர் எல்லாருக்கும் ஒன்றாக அனுப்புவது. "இன்னிக்கு சங்கரா கீது, நெத்திலி கீது, எறா கம்மியாத்தான் கீது. சீக்கிரம் வந்துருங்கோ." எனக்கென்று அனுப்பியது அல்ல என்று தெரியும். இருந்தாலும் யாரோ கூப்பிட்டது போல இருந்தது. பதில் பேசினேன்: "அக்கா, பெரியாஸ்பத்திரில கீறேன். நீ சொன்னது கரெக்டு, ஜொரம்தான். இன்னிக்குப் பதினோரு மணிக்கு வயித்துல குழாய் போடறாங்க. மீன் வேணாம்." அனுப்பி முடித்ததும் போன் செத்தது. சார்ஜர் காலடிப்பேட்டையில்.

மணி ஒன்பது. பத்து. சிஸ்டர் ஒருமுறை வந்து என் கட்டிலுக்குப் பக்கத்துக் காலி ஸ்டூலைப் பார்த்துவிட்டுப் போனார். பத்தரைக்கு மறுபடி பார்த்தார். நான் ஸ்டூலில் என் சட்டையை மடித்து வைத்தேன், யாரோ இப்போதுதான் எழுந்து போனது மாதிரி. பத்தே முக்காலுக்கு வார்டு வாசலில் ஒரு சத்தம்.

"சங்கரா கீறாரா? சங்கரா?"

"அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லம்மா."

"எலும்பு வார்டுல ஒர்த்தரு சங்கரன்னு கீறாருன்னு இட்னு போய் வுட்டாங்க. போய்ப் பாத்தேன். கால்ல கட்டு. அது என் ஆளு இல்ல. இவரு மொட்டையா இருப்பாரு, ஓயாம ஜோக்கு அடிப்பாரு."

இருபது வருடமாக அவளிடம் சங்கராதான் வாங்குகிறேன். அவள் போனில் என் பெயர் 'சங்கரா நைனா'. என் உண்மைப் பெயரை ஒருமுறையும் அவள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. போர்வையிலிருந்து கையை எடுத்து ஆட்டினேன். அவள் பலகையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டு, முந்தானையில் மீன் செதிலோடு வந்திருந்தாள். வார்டே திரும்பி மூக்கைச் சுளித்தது. எனக்கு அந்த வாடை, சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஊதுபத்தி மாதிரி இருந்தது.

சிஸ்டர் படிவத்தோடு வந்தார். "நீங்க பேஷன்டுக்கு என்ன வேணும்?"

"மீன் குடுக்கறவ."

சிஸ்டர் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். "உறவுன்னு ஒரு இடம் இருக்கும்மா. அக்கான்னு போட்டுக்கவா?"

"போட்டுக்கோ. மீனுக்காரினு போட்டா உள்ள வுட மாட்டீங்கோ. நைனா, உன் பேரு இன்னா?"

"தியாகராஜன்."

"அய்ய, இவ்ளோ நீட்டா?" என்று சொல்லிவிட்டு, நிறுத்தி நிறுத்திக் கையெழுத்துப் போட்டாள்.

மரத்துப்போகும் ஊசி போட்டு, ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே விலாவுக்கு நடுவே ஊசியை நுழைத்து, அதன் வழியாக மெல்லிய குழாயை உள்ளே விட்டார்கள். வலியைவிட, உள்ளே ஏதோ அழுத்துகிற உணர்ச்சிதான் அதிகம். குழாயின் மறுமுனையில் ஒரு பை. அதில் அடர்ந்த பழுப்பு நிறத்தில் இறங்கியது. வார்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்ததும் செலின் அக்கா பையைக் குனிந்து பார்த்தாள்.

"கர்மம், நெத்திலிக் கொழம்பு சுண்டிப்போனா மாதிரியே கீது."

கூட வந்த டாக்டரம்மா நின்றுவிட்டார். "அம்மா, எங்க புத்தகத்துலயும் அதேதான் போட்டிருக்கு. இந்தச் சீழ் நெத்திலி மீன் சாஸ் மாதிரி இருக்கும்னு."

"எழுதினவரு நம்மாளா?" என்றாள் செலின் அக்கா.

அன்றிலிருந்து நெத்திலியோடு எனக்கு இருந்த சிநேகம் முறிந்தது.

அடுத்தடுத்த நாள்களிலும் அவள் வந்தாள். கடை முடித்து, பதினொரு மணிக்கு, ஒரு மணி நேரம். பேசுவதற்கு எங்களிடம் அதிகம் இல்லை. மீனைத் தவிர இருபது வருடத்தில் நாங்கள் எதையும் பேசியதில்லை. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து தூங்கிவிடுவாள். மற்ற இருபத்துமூன்று மணி நேரமும் நானும் மேலே சுற்றும் ஃபேனும். பாஷா சாயங்காலங்களில் வந்தால் பத்து நிமிஷம் என்னைத் திட்டிவிட்டு, சார்ஜரைக் கொடுத்துவிட்டு, ஷிஃப்டுக்கு ஓடுவான். அண்ணனுக்குப் போனில் "சாதா ஜுரம்தான்" என்றேன். அண்ணி அதை நம்பாமல் தினமும் மூன்று வேளையும் கூப்பிட்டு "இப்ப எவ்வளவு இருக்கு?" என்று மட்டும் கேட்பார். எண்ணைச் சொன்னால் வைத்துவிடுவார். ஓசூரில் எனக்கென்று ஒரு லாக் ஷீட் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் செலின் அக்கா என் நெற்றியைத் தொட வந்தாள். பாதி வழியில் கை நின்றுவிட்டது. திரும்பி, பெயின்டரின் மாமியாரிடம் ஃபிளாஸ்கிலிருந்து ஒரு டம்ளர் டீ கேட்டு வாங்கினாள். எனக்கென்றுதான் நினைத்தேன். அவள் அதைக் குடிக்கவும் இல்லை, எனக்குத் தரவும் இல்லை. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துக்கொண்டு சும்மா நின்றாள்.

"இன்னாக்கா பண்ற?"

"நீதான சொன்ன, என் கைல ஐஸ் கீது, யாரத் தொட்டாலும் ஜொரமாத்தான் இருக்கும்னு. அதான் சூடு பண்ணிகினு தொடறேன்."

வாழ்க்கையில் நான் அடித்த ஜோக்குகளில் ஒன்றைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று சொன்னால், அதைத்தான் வாங்குவேன். அவள் அதை ஒரு வாரமாகச் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள்.

"அக்கா, டம்ளரக் கீழ வை. யார்டுல ஒரு சென்சாரு உண்மை சொல்தா பொய் சொல்தானு எப்டிப் பாப்போம் தெரியுமா? ஐஸும் தண்ணியும் கலந்த வாளிக்குள்ள போட்டு வெப்போம். அதுல கரெக்டா பூஜ்யம் காட்டினாத்தான் நம்புவோம். உன் கை தெனமும் அதுலதான் கீது. அன்னிக்கு என் மெஷினு, என் மூளை, எல்லாம் தப்பு. உன் கை ஒண்ணுதான் கரெக்டு."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அப்போ என் கை சர்வீஸ் பண்ண கைன்ற?"

"ஆமா."

"டீ ஆறிப்போச்சு, குடி" என்று டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, நெற்றியில் கை வைத்தாள். டம்ளரின் சூடு அதில் பாதிதான் ஒட்டியிருந்தது. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டேன். "நேத்திக்கு இன்னிக்கு கம்மி" என்றாள். சிஸ்டர் வந்து தெர்மாமீட்டர் வைத்தார். தொண்ணூற்றொன்பது புள்ளி நாலு. நேற்றைவிடக் குறைவுதான்.

ஒன்பதாம் நாள் குழாயை எடுத்து, மாத்திரைகளைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பில் கிடையாது. அறிவுரை மட்டும் நீளம்: கொதிக்க வைத்த தண்ணீர்தான் குடிக்க வேண்டும், வெளியில் ஐஸ் கூடாது, சாப்பிடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பாஷா கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். தெர்மாமீட்டரின் பட்டனை அழுத்திப் பாரன்ஹீட்டுக்கு மாற்றினேன். தொண்ணூற்றெட்டு புள்ளி இரண்டு. பீப் என்றது. வீட்டில் அன்று கேட்ட ஒரே குரல் அதுதான். நெற்றியில் என் கையை வைத்துப் பார்த்தேன். காய்ச்சலில் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட் முனைக்குப் போனேன். நல்ல கூட்டம். செலின் அக்கா வெட்டிக்கொண்டிருந்தாள். வலது தோளில் இன்னும் பிடிப்பு இருந்ததால் இடது கையை மீன் பலகைக்கு மேலே நீட்டினேன். பையை நீட்டுகிறேன் என்று நினைத்து நிமிர்ந்தவள், வெறும் கையைப் பார்த்தாள்.

"இன்னா நைனா?"

"பாரு."

இடது கையில் மீனைப் பிடித்தபடியே, வலது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஐஸ். முழங்கை வரைக்கும் சிலிர்த்தது.

"ஒண்ணும் இல்ல. எல்லார் மாதிரியும்தான் கீற."

"நல்லாப் பாத்து சொல்லுக்கா."

பின்னால் ஒருவர் "நேரமாவுதும்மா" என்றார். அவள் பிடியை விடவில்லை. "இருப்பா, பாத்துகினு கீறேன்ல" என்று அவரை அதட்டிவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து சங்கராக் குழம்பு வைத்தேன். சாப்பிடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கழுவினேன். வலது கையை மட்டும்.